தென்பெண்ணைக் கரையோடு மெல்லப் போவது: கேம்பர் வேனில் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

கேம்பர் வேன் நெடுந்தூரம் ஓடுவதற்கான வண்டி என்ற எண்ணத்தோடுதான் புதியவர்கள் பலர் கிளம்புகிறார்கள். காலையில் ஓசூர், மதியம் ஒகேனக்கல், இரவுக்குள் ஏற்காடு என்று திட்டம் போட்டு, விடுமுறை முழுவதையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கழித்துவிட்டு, பார்த்ததெல்லாம் சாலைதான் என்று அலுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அப்படிப் போவதற்கு ஒரு காரும் விடுதி அறையும் போதும். படுக்கையும் அடுப்பும் தண்ணீரும் வண்டிக்குள்ளேயே இருப்பதன் உண்மையான பயன், விடுதியே இல்லாத ஒரு சிற்றூரின் ஓரத்தில் இரண்டு மூன்று நாள் நிற்க முடிவதில் இருக்கிறது. ஆகவே எப்படி ஓட்டுவது என்பதைவிட எப்படி நிற்பது என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையும் பெங்களூருவிலிருந்து சேலம் செல்லும் சாலையும் கிருஷ்ணகிரியில்தான் சந்திக்கின்றன. திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் சாலையும் அங்கிருந்தே பிரிகிறது. அதனால் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் பலர் என்றாவது ஒருநாள் இந்த ஊர்களைக் கடந்திருப்பார்கள், ஆனால் இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. 1792-ல் பாராமகால் என்றழைக்கப்பட்ட இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, இதை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இங்கே தங்கி, ஊர் ஊராகப் போய் நிலங்களை அளந்து தீர்வை நிர்ணயிக்கும் பணியில் இருந்தார். பிற்காலத்தில் சென்னையின் ஆளுநரான அவருக்குத் தருமபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை விட்டுப் பிரிவது பெரும் வருத்தமாக இருந்தது. அவருடைய வேலையின் நோக்கம் வரி வசூல்தான் என்றாலும், ஒரு நிலப்பகுதி வயல் வயலாகத்தான் மனிதருக்குப் பிடிபடும் என்பதை அவருடைய அந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

முதல் படி: ஓர் ஆற்றைத் தேர்ந்துகொள்வது

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால், பட்டியலில் அடுத்து இருப்பது உங்களை விரட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மாறாக, ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்துகொண்டு அதை ஒட்டியே போவது மனத்தை அடக்குகிறது. முதல் பயணத்திற்கு நான் பரிந்துரைப்பது தென்பெண்ணை ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டிற்குள் வந்து, கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று இரண்டு மாவட்டங்களையும் தொட்டுக்கொண்டு சாத்தனூர் அணையை நோக்கி அது போகிறது. ஓசூரிலிருந்து அனுமன்தீர்த்தம் வரை சாலை வழியாக 150 கிலோமீட்டருக்குள்தான் வரும். வேகமாக ஓட்டினால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும் தூரம் அது. அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, ஓர் இடத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்காமல் நகர்வதில்லை என்று இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டுப்பாடு முதலாவதைவிட முக்கியமானது, ஏனென்றால் வந்து சேர்ந்த நாளில் கண்ணுக்குப் படுவது வேறு, மறுநாள் அதே இடத்தில் விழித்தெழும்போது படுவது வேறு. முதல் நாள் உங்களை வேடிக்கை பார்த்த ஊர், இரண்டாம் நாள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் நீங்கள் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

வண்டியும் ஆவணங்களும்

வேனைப் படுக்கை, அடுப்பு வைத்து மாற்றியமைத்திருந்தால், அந்த மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாத மாற்றம், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கலை உண்டாக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் சொந்த உபயோக வண்டியை வாங்கி ஓட்டாமல், வாடகைக்கு விடும் உரிமம் உள்ள வண்டியா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வேன்களை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். பிரேக், டயர், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனியாகப் போகிறவர் மட்டும் கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நின்ற இடத்தில் மூன்று நாள் தாக்குப்பிடிப்பது

மெதுவாகப் பயணம் செய்ய மனம் இருந்தாலும், மின்சாரமும் தண்ணீரும் தீர்ந்துபோனால் வண்டியைக் கிளப்பித்தான் ஆக வேண்டும். ஆகவே இந்தக் கணக்கைப் புதியவர்கள் கிளம்புவதற்கு முன்பே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 1,200 வாட் மணி மின்சாரம் இருக்கும். 20 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 160, ஓர் எல்.இ.டி. விளக்கு மாலை முழுவதும் எரிந்தால் 25 அல்லது 30, கைப்பேசிக்கும் சிறு மடிக்கணினிக்கும் 100 என்று வைத்தால், ஒரு நாளின் செலவு 300 வாட் மணிக்குள் அடங்கிவிடும். அதாவது வண்டியைக் கிளப்பாமலேயே மூன்று நாள் தாராளமாக நிற்கலாம். கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று இருந்தால், இந்தப் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்கு 400 வாட் மணி வரை கிடைக்கும் என்பதால் செலவை அதுவே ஈடு செய்துவிடும். இன்டக்ஷன் அடுப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1,500 வாட் இழுக்கும் அந்த அடுப்பு ஒரு மணி நேரத்திற்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

சமையலுக்கு 5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒருவருக்குப் பல வாரங்கள் வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி நிற்கும். எனவே மேல் சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காமல், சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கதவை மூடிப் படுப்பது உயிரைப் போக்கும் செயல். எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழியில் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு கம்பளிகள் போதும்.

தண்ணீர் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்குள்ள நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறை படிந்த முதியவர்களையும், மூட்டு வளைந்து நடக்கச் சிரமப்படுகிறவர்களையும் சிற்றூர்களில் இன்றும் காணலாம். அந்தத் துன்பத்தைத் தணிப்பதற்காகவே காவிரி நீரைக் குழாய்களில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. ஃபுளோரைடு கொதிக்க வைப்பதால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேனையோ, ஊரில் விசாரித்து ஒகேனக்கல் நீர் வரும் குழாயையோ பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் போதும். ஒருவருக்கு ஒரு கேன் மூன்று நாள் வரும். கழிவுநீரை ஏரியிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் திறந்துவிடக் கூடாது. ஊர்க்காரர்களின் முகம் சுளிக்கும்படி ஒரு வண்டி நடந்துகொண்டால், அடுத்து வரும் பத்து வண்டிகளுக்கு அங்கே இடம் கிடைக்காது.

எந்தப் பருவத்தில் போவது

தை, மாசி மாதங்கள் புதியவர்களுக்கு எளிது. பகலில் வெயில் தாங்கும்படி இருக்கும், இரவில் மின்விசிறியே வேண்டாம். அந்த மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா நடக்கும் நாள்களில் சிறு சாலைகள் அடைபட்டுக் கிடக்கும் என்பதால், முதல் நாளே டீக்கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. சித்திரை முதல் ஆனி வரை மாங்காய்ப் பருவம். வெயில் கடுமைதான், ஆனால் இந்த மாவட்டத்தைப் பார்க்க வேண்டிய பருவமும் அதுதான். மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெங்களூரா வகை மாங்காயை ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரத்தில் வரிசையாகக் காத்து நிற்பதையும், தோப்பில் வலைப்பை கட்டிய கொக்கியால் காம்போடு பறிப்பதையும், செந்தூரா வகை மாம்பழம் பழுத்த மணம் தெரு முழுவதும் நிற்பதையும் வேறு மாதத்தில் காண முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெரிதாக வரக்கூடும். அப்போது முதல் பயணம் வேண்டாம்.

ஆற்றோடு போகும் வழி

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியிலிருந்து தொடங்குங்கள். 1878 டிசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஓடு வேய்ந்த எளிய வீடு அது, ஊரும் இன்னும் சிறிய ஊர்தான். பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரில் சில நாள்களில் வெள்ளை நுரை மலைபோல் பொங்கி நிற்பதைக் காண்பீர்கள். மேலே நகரங்களிலிருந்து கலக்கும் கழிவின் விளைவு அது. அந்தத் தண்ணீரில் இறங்கவோ, அதைப் பயன்படுத்தவோ வேண்டாம். ஆற்றின் அழகான பகுதிகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகாமல், அந்த நுரையின் முன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆற்றின் இன்றைய நிலை அதுதான்.

அங்கிருந்து இறங்கினால் கிருஷ்ணகிரி. காலை ஆறு மணிக்கே மலைக்கோட்டையில் ஏறத் தொடங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் அணையின் நீர்ப்பரப்பும், சுற்றிலும் தனித்தனியாக நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளும், அவற்றுக்கிடையே மாந்தோப்புகளும் ஒரே பார்வையில் தெரியும். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்களில் ஒவ்வொரு குன்றின் மேலும் இருந்த கோட்டைக்காக ஏன் அப்படி மோதிக்கொண்டார்கள் என்பது விளக்கம் இல்லாமலே அங்கே புரியும். மேற்கே இராயக்கோட்டை மலையும் அத்தகையதே. 1791-ல் ஆங்கிலேயப் படை அதைப் பிடித்தது.

கிருஷ்ணகிரி அணையில் குறைந்தது இரண்டு நாள் தங்குங்கள். பெரும்பாலோர் பூங்காவைச் சுற்றிவிட்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, அணையிலிருந்து பிரியும் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்து போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். மறுநாள் காலையில் அதே நடையை மீண்டும் நடங்கள். மாலையில் போனபோது வெறும் வயலாகத் தெரிந்தது, காலையில் நாற்றங்கால் எது, நடவு முடிந்தது எது, மடை யார் பங்குக்குத் திறந்திருக்கிறது என்று பிரிந்து தெரியத் தொடங்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்: ஒரே வழி, இரண்டு பொழுது, கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு.

காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு வாங்காமல் கடந்து போகக் கூடாது. அரிசி மாவில் நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்துத் தட்டி எண்ணெயில் பொரிக்கும் அந்த மொறுமொறுப்பான வட்டம், காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாமல் இருக்கும் என்பதால் வேனில் வைத்துக்கொள்ள ஏற்றது. அங்கிருந்து போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேரும்படி உங்கள் வாரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் அங்கே புகழ்பெற்ற வாரச்சந்தை. சனிக்கிழமை இரவே ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, விடியும்போது நடந்து சந்தைக்குள் போனால், கடைவிரிப்பதற்கு முன் தக்காளிக் கூடையையும் கயிற்றுச் சுருளையும் கோழிக்கூண்டையும் இறக்கிக்கொண்டிருப்பவர்களோடு பேச நேரம் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் யாருக்கும் பேச நேரமிருக்காது. கால்நடைச் சந்தை பார்க்க விரும்புகிறவர்களுக்கு, கிருஷ்ணகிரிக்கு அருகே வெள்ளிக்கிழமை கூடும் குந்தாரப்பள்ளிச் சந்தை.

இருமத்தூர்ப் பாலத்தைக் கடந்து மேலும் கீழே போனால் அனுமன்தீர்த்தம். தீர்த்தமலையில் இராமன் பூசைக்குக் காத்திருக்க, அனுமன் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதால் இராமன் அம்பெய்து ஊற்றை வரவழைத்தான் என்றும், அனுமன் வருந்தி எறிந்த கலம் விழுந்த இடம் இது என்றும் தலபுராணம் சொல்கிறது. ஆடிப்பெருக்கு அன்று இங்கே நீராட வரும் கூட்டத்தில் வேனை நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற நாள்களில் அமைதியான ஊர். தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறிவிட்டு, பயணத்தை அங்கே முடித்துக்கொள்ளலாம்.

இரவில் எங்கே நிறுத்துவது

கேம்பர் வேன்களுக்கென்றே அமைந்த தங்குமிடம் வழியில் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். கேட்பதே பயணத்தின் பாதி. மாலை நான்கு மணிக்குள் ஊருக்குள் போய்ச் சேர்ந்து, டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, தோப்புக்காரரையோ கோயில் நிர்வாகியையோ நேரில் பார்த்து, மறைக்காமல் சொல்லுங்கள்: "ஐயா, சேலத்துப் பக்கமிருந்து வர்றேன், தனியாத்தான் வந்திருக்கேன். இந்தப் புளியமரத்தடியில ராத்திரி மட்டும் வண்டிய நிறுத்திக்கலாமுங்களா?" எந்த ஊர், என்ன வேலை, ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்பார்கள். அது துருவல் அன்று, பொறுப்பேற்பதற்கு முன் கேட்கும் கேள்வி. ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால், இரவில் நாய் குரைத்தால்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். தனியாகப் போகும் பெண்கள் வீட்டில் இருக்கும் அக்காவிடமோ அம்மாவிடமோ நேராகப் பேசி, வீட்டு வாசலை ஒட்டியே நிறுத்துவது நல்லது. ஊர் கிடைக்காத இரவுகளில், இரவு முழுவதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்கில், மேலாளரிடம் சொல்லிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தலாம். எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

ஏரிக்கரைக்குக் கீழேயும், ஓடையின் தரைப்பாலத்தை ஒட்டியும், வறண்டு கிடக்கும் ஆற்று மணலிலும் ஓரிரவுகூட நிறுத்தக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஏரி நிரம்பிப் பெருகி வந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அது பெரிய ஆறும் அன்று, காடும் அன்று. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஊர்ச் சாலைதான். நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்வை அழகை இரண்டாவதாக வைத்து, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காட்டுப் பகுதி வேறு கணக்கு. தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் வழியெங்கும் யானைகள் நடமாடுகின்றன; பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் கூட்டமாக இறங்கி வரும். இந்தப் பகுதியின் பெரும்பரப்பு காவேரி வடக்கு, காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் அடங்கும். அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்குவது குற்றம். பகலில் மட்டும் கடந்து, மாலை ஐந்துக்குள் ஊருக்கு வந்துவிடுங்கள். மாம்பழம், பலா, வாழைத்தார், உப்பு மூட்டை ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொண்டு காட்டை ஒட்டிய ஊர்களில் இரவு தங்க வேண்டாம். யானைக்கு மோப்பம் வெகுதூரம் எட்டும். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், தூரத்திலேயே நின்று பின்னோக்கி வந்துவிட வேண்டும். அது போகும் வரை காத்திருப்பதுதான் வழி.

நேரம் இருந்தால் மட்டுமே காணக்கூடியவை

கோடைக்காலத்தில் இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, இரவு விடிய விடியத் தெருக்கூத்து என்று பல நாள்கள் தொடர்ந்து நடந்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளத்தோடு முடியும். மண்ணைக் குவித்து, ஒரு வீட்டின் நீளத்துக்கும் கூடுதலாகத் துரியோதனனைப் படுத்த நிலையில் செய்து, வண்ணம் பூசி, விழிகளை விரித்து வைத்திருப்பார்கள். வேடம் கட்டிய வீமன் கதாயுதத்தோடு அவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் அடிக்கும்போது, அவிழ்ந்த கூந்தலோடு நிற்கும் திரௌபதி கூந்தலை முடிப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அழுவார்கள். இந்த விழாவுக்கு நுழைவுச் சீட்டோ இணைய அறிவிப்போ கிடையாது, சுவரொட்டியும் டீக்கடைப் பேச்சும்தான். ஓர் ஊரில் இரண்டு நாள் நின்றவருக்குத்தான் "நாளைக்குப் படுகளம், இருந்து பாத்துட்டுப் போங்க" என்ற அழைப்பு வரும்.

சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்களும் அப்படித்தான். தருமபுரி அருங்காட்சியகத்தில் முதலில் ஓர் அரைநாள் செலவிட்டு, அங்கே வைத்திருக்கும் கற்களைப் பொறுமையாகப் பாருங்கள். வீரனின் ஒரு கையில் வாளும் மறு கையில் வில்லோ கேடயமோ இருக்கும். சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகளும், காலடியில் அவன் மீட்ட மாடும், மேலே வட்டெழுத்தில் அவன் பெயரும் எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்ற குறிப்பும் இருக்கும். கண் இதற்குப் பழகிவிட்டால், வயல் வரப்பிலும் ஆலமரத்தடியிலும் மஞ்சள் பூசி நிற்கும் கற்களை நீங்களே அடையாளம் காணத் தொடங்குவீர்கள். அவை இன்றும் வழிபாட்டில் இருப்பவை. தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றி, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நிலத்தின் பழமை நடுகல்லோடு நிற்பதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில், இறந்தவர்களுக்காகக் கற்பலகைகளால் எழுப்பிய கல்திட்டைகள் பெருங்கற்காலத்தவை. அதே மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

வண்டியில் ஒருவேளைச் சமையல்

கடையில் சாப்பிடுவதோடு நின்றுவிடாமல், இந்த ஊர்ச் சாப்பாடான கேழ்வரகுக் களியை ஒருமுறையாவது நீங்களே சமைத்துப் பாருங்கள். சந்தையில் கேழ்வரகு மாவும் ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கொண்டால் போதும். இரண்டு பங்குக்குச் சற்று மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு பங்கு மாவைக் கிளறாமல் நடுவில் குவியலாகக் கொட்டி, அடுப்பைக் குறைத்து, கரண்டிக்காம்பால் நடுவே ஒரு துளை போட்டு விட்டுவிடுங்கள். தண்ணீர் அந்தத் துளை வழியே மேலே பொங்கிப் பொங்கி மாவை வேகவைக்கும். பத்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கால்களுக்கிடையே துணியால் பிடித்துக்கொண்டு, கட்டியில்லாமல் அழுத்திக் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டை பிடிக்கலாம். கீரையைப் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வேகவைத்துக் கடைந்துகொள்ளுங்கள். அடுப்பு எரியும் நேரம் மிகக் குறைவு என்பதால் வேனுக்கு இது பொருத்தமான உணவு. மாலையில் வெளியே உட்கார்ந்து களி கிண்டுகிறவரை யாரும் அந்நியராகப் பார்த்துக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். பதம் சொல்ல ஒருவர் கட்டாயம் வந்து நிற்பார்.

திரும்பும் நாள்

திரும்பும் நாளை முழுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் தருமபுரிக்கு மேற்கே பாப்பாரப்பட்டியில், 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா மறைந்த இடத்தில் உள்ள நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அங்கிருந்து சேலம் பக்கம் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயில் இறங்க வேண்டியிருக்கும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் கனரக வண்டிகள், எஞ்சினின் பிடிமானத்தை இழந்து, பிரேக் சூடேறித் தளர்ந்து, முன்னால் போகும் வண்டிகள் மீது மோதிவிடுகின்றன. தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய கேம்பர் வேனும் எடை மிகுந்த வண்டிதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள்; பிரேக்கை அழுத்தியே வைத்திராமல், விட்டு விட்டு மிதியுங்கள். இடது ஓரத்திலேயே போங்கள், லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளாமல் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணாடியில் அடிக்கடி பாருங்கள். மழை பெய்துகொண்டிருந்தாலோ இருட்டிவிட்டாலோ தருமபுரியிலேயே அந்த இரவு தங்கிவிட்டு, காலையில் இறங்குங்கள்.